எனக்குத் தெரிந்த சட்டம்

எதையும் அடித்துப் பேசுவது என் பிறவிக் குணம். தெரிந்ததை அடித்துப் பேசுவேன். தெரியாததை இன்னும் கொஞ்சம் சத்தமாக.

மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பக்கத்தில் நின்று காய் நறுக்குகிறவள் மெக்சிகோக்காரி. அவளுடைய ஒரே தம்பி, எந்தக் காகிதமும் இல்லாமல் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனவன். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. இவள் போய்ப் பார்க்கலாமென்றால் மெக்சிகோ பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா குதிரைக்கொம்பு. பக்கத்து நாடு என்பதெல்லாம் பேருக்குத்தான்.

ஒருநாள் கேட்டாள். "ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கினால் அமெரிக்கா போவது சுலபமாமே, வாங்கட்டுமா?"

நான் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வாங்கினால் பழைய குடியுரிமை போய்விடும்" என்றேன். நான் வாங்கியபோது இந்திய பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள். அன்று டார்னெய்ட் புறநகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த அழுகையையும் விலாவாரியாகச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. எல்லையோரம் அம்மாவின் வீடு அவள் பேரில் இருந்தது. வெளிநாட்டுக்காரர் அங்கே நேரடியாக நிலம் வைத்துக்கொள்ள முடியாதாம். யோசித்துச் செய்கிறேன் என்றாள். மூன்று வருடம் யோசித்தாள்.

அதற்குள் தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டது. போனில் முகம் பார்த்ததோடு சரி. போன வருடம் இறந்துவிட்டான்.

பிறகு பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தூதரகம் போனவளிடம், அங்கிருந்த பெண் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்: மெக்சிகோவில் பிறந்தவர் வேறு எந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினாலும் மெக்சிகோக்காரர்தான், சட்டம் மாறி வெகுகாலம் ஆகிறது. எங்கள் நாட்டுச் சட்டம்தான் உலகத்துக்கே சட்டம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

வீட்டில் சொன்னேன். மனைவி விடவில்லை. "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க கிரீடம் இறங்கிடுமா?"

மறுநாள் சமையலறையில் மெக்சிகோக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை குழறியது. அவள் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"வேறு யாரையாவது கேட்டிருக்கலாம், என் தப்புதான்" என்றாள். "நீங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் தம்பியிடம் வர வழியில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னை வா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை."