பக்கத்து வீட்டில் நின்றுபோன ரயில்

கண்ணாடிக்காரருக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. ஒரு வயதுக்கு மேல் தட்டிவிடுவதற்கும் ஆள் இல்லாமல் போய்விட்டது. அதற்காக அவரை யாருமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டில் கம்பவுண்டர் இருந்தார். கம்பவுண்டரின் மனைவி, கண்ணாடிக்காரருடைய பெரியப்பா மகளைக் கட்டியவருக்கு ஒன்றுவிட்ட அக்கா. முறை பார்க்கப் போனால் எங்கேயோ சுற்றி எங்கேயோ வந்து நிற்கும். ஆகவே அந்தக் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு கம்பவுண்டரை அண்ணே என்றும் அந்த அம்மாளை அண்ணி என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடக் கூப்பிட அப்படியே ஆகிவிட்டது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கண்ணாடிக்காரர் வீட்டின் முன்னறைதான் அவர் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவார், படங்களுக்குச் சட்டம் போடுவார். பின்னறையில் மார்பு உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் விரல் அகலத் தண்டவாளம் போட்டு, பொம்மை ரயில் விட்டுக்கொண்டிருந்தார். பொம்மை என்று அவர் காதுபட யாரும் சொல்லக்கூடாது, முகம் சுண்டிப்போகும். கம்பவுண்டருக்கும் அதே கிறுக்கு. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கால் வலி காலோடு இருக்கட்டும் என்று தன் பின்னறையில் போய் மறுபடியும் நிற்பார். பஞ்சையும் பழைய செய்தித்தாளையும் பசையில் ஊறவைத்து ஒரு மலை செய்திருந்தார். அண்ணி அதை எப்போதும் "உங்க அழுக்குத் துணி மூட்டை" என்றுதான் சொல்வாள்.

இரண்டு அறையும் சின்னது. வண்டி நாலு முழம் ஓடினால் சுவர் வந்துவிடும்.

"தம்பி, உங்க வண்டியும் இந்தச் சுவத்துல முட்டுது, என் வண்டியும் இதே சுவத்துல முட்டுது. நடுவுல இதுக்கு என்ன வேலை?" என்று கம்பவுண்டர் ஒருநாள் கேட்டார்.

கேட்ட வாரமே ஓட்டை போட்டாயிற்று. ஒரு பூனை கூச்சப்படாமல் போய்வரும் அளவு. வண்டி போக ஒரு தண்டவாளம், வர ஒன்று.

"வீடு கட்டற ஆம்பளைங்களைப் பார்த்திருக்கேன். இடிக்கறதுக்கு ரெண்டு பேர் கூட்டு சேர்ந்ததை இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் அண்ணி, முகத்தில் அப்பிய சுண்ணாம்புத் தூசியைத் துடைத்துக்கொண்டே.

அவரவர் பக்கத்துத் தண்டவாளத்துக்கு அவரவர் பெட்டியிலிருந்து கரண்டு. சுவரைத் தாண்டிவிட்டால் வண்டி யாருடையதானாலும் ஓட்டுகிறவர் அந்த வீட்டுக்காரர்தான். "அனுப்பிட்டேன்!" என்று இவர் கத்துவார். "வாங்கிட்டேன்!" என்று அவர் கத்துவார். வண்டி அந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றி, மலையைக் குடைந்துகொண்டு, மற்ற தண்டவாளம் வழியாகத் திரும்பி வரும்.

எப்போதும் நல்லபடியாக வந்துவிடும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். சில நாள் கம்பவுண்டருக்குக் குறும்பு ஏறிவிடும். கண்ணாடிக்காரருடைய வண்டியைத் தன் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டமாட்டார். இவர் இங்கிருந்து கெஞ்ச வேண்டும். கெஞ்சினால்தான் விடுவார். இவரும் லேசுப்பட்டவர் இல்லை, அவர் வண்டி இந்தப் பக்கம் வரும்போது இதே வேலையைச் செய்வார். வாயைத் திறந்து முதலில் கேட்டவர் தோற்றவர். ஒருமுறை கம்பவுண்டர் ஒரு தகர டப்பாவை உருட்டிவிட்டு, "ஐயையோ, வண்டி கவுந்துடுச்சு!" என்று அலறினார். கண்ணாடிக்காரர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுத் தெருவழியாக ஓடிப் போய்ப் பார்த்தால், வண்டி பத்திரமாக நிற்கிறது, மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அன்றைக்கு முடிவு செய்தார் கண்ணாடிக்காரர், இனி இந்த ஆளை நம்பி ஓடுவதில்லை என்று.

இதே பித்துப் பிடித்த இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் தையல்காரர், இன்னொருவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். முறை வைத்து மாறும். போன ஞாயிற்றுக்குப் பிறகு யார் என்ன செய்தோம் என்று காட்ட வேண்டும். தையல்காரர் சட்டைப்பையிலிருந்து விரல்நுனி அளவு பயணிகளை எடுத்து வரிசையாக வைப்பார். உடுப்பெல்லாம் நறுக்குத் துணியில் தைத்தது.

"பட்டன் எங்கய்யா? தெருவுல விடற லட்சணமா இது?" என்பார் லிஃப்டுக்காரர்.

"நீ உன் கைகாட்டி மரத்தைக் காட்டு முதல்ல. மூணு மாசமா இறக்கின கை இறக்கினபடி நிக்குது."

"என் பொழப்பே மேல கீழதான். அதுவாவது ஒரு இடத்துல சும்மா இருந்துட்டுப் போகட்டுமே."

கண்ணாடிக்காரர் அந்த மாதம் எண்ணெய் ஏற்றும் வண்டிகள் செய்திருந்தார். கம்பவுண்டர் கொடுத்த காலிச் சொட்டு மருந்துப் புட்டிகளைப் படுக்கவைத்து, வெள்ளி வண்ணம் அடித்து, அடியில் சக்கரம் கோத்தது. ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கவில்லை. மருந்துக்கடைக்கு விடுமுறையான ஒரு காலை நேரத்தில் எஞ்சினோடு மாட்டி, "அனுப்பிட்டேன்!" என்றார்.

"வாங்கிட்டேன்! அடேயப்பா! என்ன தம்பி இது, சொட்டு மருந்தெல்லாம் சக்கரம் கட்டிக்கிட்டு வருது!"

வண்டி அந்தப் பக்கம் கடகடவென்று சுற்றுவது கேட்டது. பிறகு ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் நின்றது.

"எப்படிண்ணே இருக்கு?"

பதில் இல்லை. சரி, ஆரம்பித்துவிட்டார் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார். அப்போது தொம்மென்று ஒரு சத்தம். முக்காலி சாய்ந்ததுபோல இருந்தது.

கண்ணாடிக்காரர் சிரித்தார். வாய்விட்டு, அந்த ஓட்டையில் முகத்தை வைத்தே சிரித்தார். "நடிப்பு போதும்ணே! அன்னிக்கு டப்பா, இன்னிக்கு முக்காலியா? நான் வரமாட்டேன். கெஞ்சவும் மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் வேணும்னாலும் வெச்சுக்குங்க!"

கடையில் யாரோ கூப்பிட்டார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வெட்ட வேண்டும். போனார், அளந்தார், வெட்டினார். வந்தவர் ஓரத்தை இன்னும் தேய்க்கச் சொன்னார், தேய்த்தார். மனதுக்குள் ஒரு குஷி, இந்தத் தடவை அண்ணன்தான் முதலில் வாய் திறக்கப்போகிறார் என்று. அந்தக் கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் சாப்பிடக் கூப்பிடப் போன அண்ணியின் அலறல் கேட்டது. முன்பக்கம் தெருவழியாகவும் பின்பக்கம் ஓட்டைவழியாகவும், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அதிக நேரம் வைத்திருக்கவில்லை. வெளியே வந்த டாக்டர், "விழுந்ததுமே கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம். எப்ப விழுந்தார்?" என்று கேட்டார்.

"தெரியலையே" என்றாள் அண்ணி.

கண்ணாடிக்காரர் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்குத் தெரியும். வாய்வரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்து, வந்த சனம் கலைந்து, வெளியூரில் இருக்கும் மகளும் புறப்பட்டுப் போனபின், கண்ணாடிக்காரர் ஓட்டையில் ஒரு தடித்த அட்டையைச் செருகினார். அந்தப் பக்கத்து நடமாட்டம் கேட்டால் கையிலிருக்கும் கண்ணாடி கோணலாக உடைந்தது. அண்ணிக்கு வேண்டிய சாமானையெல்லாம் வாங்கிக் கொடுப்பார், குறைவைக்கவில்லை. ஆனால் வாசலோடு சரி.

"உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்களேன்" என்பாள்.

"கடையில ஆள் நிக்குது அண்ணி" என்பார். அங்கே ஒரு ஈ கூட நிற்காது.

ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வெறுங்கையோடு போனார். "உங்க எண்ணெய் வண்டி என்னாச்சு?" என்று லிஃப்டுக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். தையல்காரர் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். வண்டி கம்பவுண்டரின் பின்னறையிலேயே நின்றது. அதைப் போய்க் கேட்பதென்றால் அந்த அறைக்குள் போக வேண்டும். எப்போது அனுப்பினீர்கள் என்று அண்ணி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன சொல்வது? இதே நினைப்பில் மாதங்கள் போயின. மனிதர் பாதியாக இளைத்துவிட்டார்.

அப்புறம் ஒருநாள் அண்ணியே தையல்காரருக்குப் போன் போட்டாள். "இந்த மாசம் எங்க வீட்டு முறை வருதே. மறந்துட்டீங்களா? மூணு பேரும் வந்துடுங்க."

போனார்கள். கண்ணாடிக்காரரைத் தையல்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் என்றே சொல்ல வேண்டும்.

பின்னறை அப்படியே இருந்தது. மலைமேல் தூசி. ஸ்டேஷனில் எஞ்சினும் அதன் பின்னால் வெள்ளிப் புட்டிகளும், கம்பவுண்டர் நிறுத்திய இடத்திலேயே. முக்காலியை மட்டும் யாரோ எடுத்து நிமிர்த்தி, சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"இது உங்க வண்டிதானே தம்பி? இத்தனை மாசம் ஏன் கேட்டு வரல?"

கண்ணாடிக்காரர் வண்டியைப் பார்த்தபடியே சொன்னார். "அண்ணி, அண்ணன் எப்ப விழுந்தாருன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டார். சத்தம் கேட்டதையும், சிரித்ததையும், கெஞ்சமாட்டேன் என்றதையும், கண்ணாடி ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றதையும், ஒன்று விடாமல். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எதற்கும் ஒரு கிண்டல் கைவசம் வைத்திருக்கும் லிஃப்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஆறிப்போன டீயை ஓரமாக நகர்த்திவைத்தாள். பிறகு, "எனக்கும் கேட்டுச்சு" என்றாள்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார்.

"அடுப்படியில இருந்தேன். தொம்முன்னு கேட்டுச்சு. என்னன்னு பார்க்கலாம்னு எழுந்துக்கப் போனேன். அதுக்குள்ள உங்க சிரிப்பு. சரி, ரெண்டும் விளையாடுதுங்கன்னு காயை நறுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சிரிக்காம இருந்திருந்தா போய்ப் பார்த்திருப்பேன். அதை உங்ககிட்ட சொல்லிடக்கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பார்த்தா, நீங்களும் எங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ஓடி ஒளிஞ்சிருக்கீங்க."

அவள் அதைக் கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. கேட்ட மூன்று பேருக்கும் அதுதான் தாங்கவில்லை. கண்ணாடிக்காரர் அந்த முக்காலியில் உட்காரப் போய், சட்டென்று நினைவு வந்து, தரையில் உட்கார்ந்தார். அழுதார். அண்ணி அழவேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

போகும் நேரத்தில், "ஓட்டையை அடைச்சிடட்டுமா அண்ணி? கொத்தனாரைக் கூப்பிடறேன்" என்று கேட்டார்.

"தண்டவாளத்தை எடுத்துடுங்க. அந்தச் சத்தம் இனிமே எனக்கு வேணாம். ஓட்டை இருக்கட்டும். அடைச்சிட்டா, நாளைக்கு நான் விழுந்தா யாருக்குத் தெரியும்? அந்த அட்டையை உருவிப் போடுங்க முதல்ல." வாசல்வரை வந்தவள் சொன்னாள், "நான் கூப்பிட்டா மட்டும் விளையாட்டுன்னு இருந்துடாதீங்க தம்பி."

லிஃப்டுக்காரர் ஆணிகளைக் கழற்றினார், தையல்காரர் தண்டவாளத்தை அடுக்கிக் கட்டினார். கண்ணாடிக்காரர் எண்ணெய் வண்டிகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவழியாக வீட்டுக்கு வந்தார். பலகைமேல் வைத்தார். அதன்பிறகு ஓட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து, "தம்பி!" என்று சுவர்வழியாகக் குரல் வந்தது. படச்சட்டம் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவர், பசைக்கையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு தெருவில் ஓடினார். எதிரே வந்த சைக்கிள்காரன் திட்டியது காதில் விழவில்லை. கதவு திறந்தே இருந்தது. அண்ணி கூடத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமில்ல தம்பி. காலையிலேர்ந்து உங்க பக்கம் சத்தமே காணோமேன்னு கூப்பிட்டேன்."

"பசை போட்டுட்டு இருந்தேன் அண்ணி. அதுல சத்தம் வராது."

"சரி. அப்ப போங்க."

அவர் போகவில்லை. மூச்சு அடங்குகிறவரை வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பசை நிலையில் ஒட்டிக்கொண்டது. அவள் ஈரத்துணியைக் கொடுத்தாள். அவர் முதலில் கையைத் துடைத்தார், பிறகு நிலையைத் துடைத்தார்.