சித்தி கண்டுபிடித்த ஓட்டைகள்

கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டுகளுக்குப் புதிய களங்கள் கட்டுகிறவர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் உறுப்பினன். களத்தை நாங்கள் மேப் என்போம். மன்றத்தில் மிஞ்சியிருக்கும் கிழங்கள் சேர்ந்து இப்போது அதன் வரலாற்றை எழுதுகிறார்கள். கட்டியவன் தன் மேப்பைத் தானே சோதித்து அனுப்பக் கூடாது, வேறொருவர் நடந்து பார்த்திருக்க வேண்டும் என்ற விதி என் மேப்புக்குப் பிறகுதான் வந்ததாம். அதைச் சோதித்தவர் 'சித்தி' என்று இருக்கிறதே, யாருடைய புனைபெயர் என்று போன வாரம் கேட்டிருந்தார்கள். புனைபெயர் இல்லை, என் சித்தப்பாவின் மனைவி என்று பதில் போட்டேன். அவர்களுக்குச் சொல்லாமல் விட்டது இது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ராஜபாளையத்தில் கூட்டுக் குடும்பம். பேண்டேஜ் துணி வியாபாரத்துக்குக் கடிதம் அடிக்கச் சித்தப்பா வாங்கிய கம்ப்யூட்டர் மாடி அறையில் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்த வருஷம் கல்யாணமாகி வந்த சித்தி கல்லூரியில் அதையே படித்தவர். வீட்டில் அவருக்கு மட்டும்தான் அது முறையாகத் தெரியும். எனக்கு முறையில்லாமல் தெரியும்.

முழுப் பரீட்சை லீவில், அவரவர் வீட்டையே மேப்பாகக் கட்ட வேண்டும் என்று மன்றத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். நான் வீட்டைக் காலடியால் அளந்து இரும்பு கேட், துவைகல், தண்ணீர்த் தொட்டி, மாமரம், கிணறு என்று ஒன்று விடாமல் கட்டினேன். நூறு தடவை அதற்குள் ஓடிப் பார்த்தும் குறை தெரியவில்லை. பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் பிரௌசிங் சென்டருக்குப் போய் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. ஓட்டை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் ஒரே ஒரு முறை அனுப்பலாம்.

சுவரும் சுவரும் சேருகிற இடத்தில் நூலிழை இடைவெளி இருந்தாலும் ஓட்டைதான். ஆடுகிறவர் அதன் வழியே நழுவி வெளியே விழுவார். வெளியே எதுவும் கிடையாது, வெறும் கறுப்பு. விழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பதற்றம் வந்தால் எனக்கு மூளைக்கு முன்னால் வயிறு வேலை செய்யும். மூன்று தடவை கக்கூசுக்குப் போய்வந்த பிறகு உதித்த யோசனைப்படி, மொத்த வீட்டையும் ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்து மூடினேன். கத்துக்குட்டிகள் எல்லோரும் செய்கிற காரியம் அது. ஓட்டை அடைபட்டதாகத் தோன்றும், ஆனால் வெளியே இருக்கிற வெறுமையையும் சேர்த்துச் சுமப்பதால் கம்ப்யூட்டர் நொண்டும். துணி காயப்போட மாடிக்கு வந்த சித்தி எட்டிப் பார்த்தார்.

"என்னலே, ஆமை கணக்கா நகருது?"

பெட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"ஓட்டைய அடைக்கத் தெரியாம ஊரையே மூடி வச்சிருக்க. மொதல்ல பெட்டிய எடு. நான் நடந்து பாக்கேன்."

அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. கேட்டைப் பார்த்து ஓடாமல் சுவரை ஒட்டியே நடந்தார்.

"சித்தி, வழி இந்தப் பக்கம்லா இருக்கு."

"அது நீ போட்ட வழி. நீ அதுலயேதான் போவ, வருவ. பொறவு எப்படி ஓட்டை தெரியும்? செத்த நேரம் சும்மா இரு."

அடுக்களைச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் திரும்பியவர் திடீரென்று காணாமல் போனார். திரை முழுக்கக் கறுப்பு. "இந்தா, போயிட்டேன்" என்றார், பால் பொங்கிவிட்டது என்று சொல்வதைப் போல.

அந்த இடத்தை அடைத்தேன். அடுத்த நாள் துவைகல்லில் ஏறி, தொட்டிக்குத் தாவி, சுவரைத் தாண்டிப் போனார். சுவரை உயர்த்தினேன். மாங்கிளை வழியாகப் போனார். கிளையை வெட்டினேன். கிணற்றில் குதித்து அடியில் ஒரு மூலையைக் கண்டுபிடித்தார். நிஜத்தில் அந்தத் துவைகல்லில் உட்காரக்கூட மாட்டார். அடைத்தே தீருவது என்று நானும், போயே தீருவது என்று அவரும் தினமும் மத்தியானம் மல்லுக்கு நின்றோம்.

நடுவில் ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியிலிருந்து கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்குச் சித்தியைக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. "இங்க அவளுக்கு என்ன கொறையாம்?" என்று பெரியப்பா சாப்பாட்டின்போது கேட்டார். சித்தப்பா ரசத்தைப் பிசைந்தார். அத்தோடு பேச்சு முடிந்தது. கிணற்று மூலையை எதை வைத்து அடைப்பது என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி ஒரு மணி நேரம் நடந்தார். ஒவ்வொரு சுவரிலும் மோதிப் பார்த்தார், ஒவ்வொரு மூலையிலும் குதித்துப் பார்த்தார். கடைசியில் மவுசிலிருந்து கையை எடுத்தார்.

"இல்லலே. ஒரு எடத்துலயும் வெளிய போக முடியல. நம்ம வீடு மாதிரியே இருக்கு."

கட்டியவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? 'வெளியே போக வழியே இல்லை. சோதித்தவர்: சித்தி' என்று குறிப்பு எழுதி, சைக்கிளில் பறந்து போய் அனுப்பிவிட்டு வந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் சித்தி சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த உற்சாகத்தில் இன்னொரு தடவை சொன்னேன். சித்தி குனிந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். சித்தப்பா மட்டும் சிரிக்காமல், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். சாயங்காலம் அவரும் பெரியப்பாவும் மாடியில் வெகுநேரம் பேசினார்கள். "நான் சொல்லிட்டேண்ணே, அவ போவா" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

ஜூன் மாதம் டிபன் டப்பாவோடு சித்தி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினார். மேப்பில் ஓட்டையெல்லாம் தீர்ந்துபோன சலிப்பில்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரை வீட்டிலேயே நிறுத்திவைக்க, அன்று சாயங்காலம் கிணற்றடியில் நானே ஒரு ஓட்டை போட்டு வைத்தேன்.