பூங்கோதை டீச்சரும் ‘அன்லெஸ்’ என்ற சொல்லும்

காலைப் பேருந்து முள்ளுக்குறிச்சியைத் தாண்டி மலையேறத் தொடங்கியபோது கைப்பேசி ஒலித்தது. பூங்கோதை டீச்சரின் கணவர். “டீச்சர் போயிட்டாங்க சார்” என்றார். தம் மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் சொல்வார்.

கொல்லிமலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான தேவனூர் நாட்டில் பிறந்து, அந்த மலைப் பள்ளியொன்றிலேயே அறிவியல் ஆசிரியராக இருந்தவர் டீச்சர். அங்கே நான் ஆங்கில ஆசிரியர். ஆங்கில வழி வகுப்பு தொடங்கியபோது, மரவள்ளி பயிரிடும் குடும்பங்கள் ஆசையோடு பிள்ளைகளைச் சேர்த்தன. பிள்ளைகளும் அறிவியல் பாடத்தைத் தடங்கலின்றி வாசித்தார்கள். தேர்வில்தான் விடைத்தாள்கள் வெறுமையாக வந்தன.

ஒருநாள் எட்டாம் வகுப்பு மல்லிகா உப்புக் கரைசல் பற்றிய பத்தியை அழகாக வாசித்து முடித்துவிட்டு, “உப்புக்கு என்னங்க டீச்சர் பிரச்சினை?” என்று கேட்டிருக்கிறாள். கரைசலுக்கு ஆங்கிலத்தில் ‘சொல்யூஷன்’; அந்தச் சொல்லுக்குப் பிரச்சினையின் தீர்வு என்றுதான் என் வகுப்பில் படித்திருந்தாள். வேறு யாராவது என்றால் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்திருப்பார்கள். டீச்சர் புத்தகத்தோடு நேரே என்னிடம் வந்தார்.

“நீங்க சொன்னதும் சரிங்க சார், பாடத்துல இருக்கறதும் சரிங்க. நடுவுல புள்ள மாட்டிக்கிச்சு. என் கிளாசுக்கு வந்து உக்காருங்க.”

போனேன். பெரிய சொற்கள்தாம் சிக்கல் என்று நினைத்திருந்தேன். ஒளிச்சேர்க்கைக்கான நீண்ட ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள். ‘நீர் கிடைத்தாலன்றி விதை முளைக்காது’ என்று பொருள்படும் ஆங்கில வரியில் ‘அன்லெஸ்’ என்ற சிறு சொல்லைத் தாண்டிப் போய், நீர் கிடைத்தால் முளைக்காது என்று எழுதினார்கள். தங்கள் காட்டில் தினமும் பார்ப்பதற்கு நேர்மாறாக! அன்று முதல் அவர் விதையைக் கையில் கொடுத்துத் தமிழில் பேசவைப்பார். பிறகு நான் அந்த ஆங்கில வரியைப் பிரித்துக் காட்டுவேன். கடைசியில் பிள்ளைகளே வாசித்து விளக்க வேண்டும்.

எதிர்ப்பு வந்தது. மல்லிகாவின் அப்பா வாசலில் வந்து நின்றார். “ஏனுங்க டீச்சர், இங்கிலீசுக்குன்னுதான சேத்தோம்? தமிழ்லயே பேசிட்டிருந்தா எப்படிங்க?”

“இங்கிலீசு வேண்டாம்னு சொல்லலீங்க. புரிஞ்சு வரட்டுங்கறேன்” என்ற டீச்சர், மல்லிகாவை அழைத்தார். “இந்தப் பக்கத்தப் படிச்சு அப்பாகிட்ட சொல்லு கண்ணு.”

நிலத்தில் நீர் தேங்கினால் வேர் அழுகுவது பற்றிய பக்கம் அது. அவள் ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிப்பாள், தமிழில் விளக்குவாள், அடுத்த வரிக்குப் போவாள். அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். “இது நம்ம காட்டுச் சமாச்சாரமுல்ல!” என்றார்.

ஆனாலும் சிலர் தங்கள் பிள்ளைகளை மலையிறக்கிக் கீழே வேறு பள்ளிகளில் சேர்த்துவிட்டார்கள். வகுப்பில் காலியாகிவிட்ட அந்த இடங்களை டீச்சர் பார்க்கவே மாட்டார்.

சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறின, பேச்சு தேறவில்லை. நான் பார்க்கப் போயிருந்தபோது தண்ணீர் கேட்க நினைத்து, “விதை, விதை” என்றார். தவறு அவருக்கே தெரிந்தது. கண்கள் நிறைந்தன. வெகுநேரம் போராடிச் சொன்னார்: “உள்ள… இருக்குதுங்க. வெளிய… வரல. புள்ளைங்களுக்கும்… இப்பிடித்தான்…”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுபடியும் வந்த பக்கவாதம் அவரைக் கொண்டுபோய்விட்டது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த அவர்கள் தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்தோம். கல்லூரியிலிருந்து ஓடிவந்த மல்லிகா, “டீச்சர்” என்று ஒருமுறை அழைத்துவிட்டு அப்பாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். மழை தூறத் தொடங்கியது. யாரோ டீச்சரின் கணவருக்குக் குடை பிடித்தார்கள். அவர் அதை வாங்கி, தாம் நனைந்தபடியே, புது மண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

இனி எந்தச் சொல்லையும் தேடித் தவிக்க வேண்டாம், டீச்சர். நிம்மதியாக உறங்குங்கள்.