மூன்று ரோல்தான் மிச்சம், கிளி

கிளி... நேற்றுக் காலையில் உன் மகள் எனக்குப் போன் எடுத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா." அவ்வளவுதான். மற்றதை நான் கேட்கவில்லை.

தெரியாத ஆட்களுக்காக எழுதுகிறேன். கிளியும் நானும் கனடா ஸ்காபரோவில் ஒரு சான்ட்விச் பக்டரியில் ஒரே லைனில் நின்றவர்கள். அவள் மன்னார்க்காரி. அவளுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று மாதா கோயில், மற்றது பேஸ்போல்.

பக்கத்து லைனோடு எங்களுக்குத் தினமும் போட்டி. எந்த லைன் கூடப் பெட்டி அடுக்குகிறதோ அது வெற்றி. தோற்ற லைன் அடுத்த நாள் எல்லோருக்கும் வடை கொண்டுவர வேண்டும்...

கடைசி நேரத்தில் ஒருத்தி களைத்துப்போனால் இன்னொருத்தி அவள் இடத்தில் இறங்குவாள். வென்றால், வெற்றி முதலில் நின்றவளுக்கு. இறங்கி முடித்து வைத்தவளுக்கு "சேவ்". பேஸ்போலில் கடைசியாக வந்து பந்து எறிகிறவனுக்குக் கொடுக்கிறார்களே, அது. கிளி கொண்டுவந்த சட்டம்.

ஆனால் சும்மா தரமாட்டாள். ஒரு நாள் நான் இறங்கி, மூன்று பெட்டி வித்தியாசத்தில் வென்று, சேவ் கேட்டேன்.

"முடிவில எத்தனை எண்டு ஆரடி கேட்டது? நீ இறங்கேக்க எத்தனை முன்னுக்கு நிண்டனாங்கள்? பத்து. மூண்டு, இல்லாட்டி அதுக்கும் குறைய எண்டாத்தான் சேவ். ஏழைத் துலைச்சுப் போட்டு வந்து சேவ் கேக்கிறாய்..."

லைன் முழுக்கச் சிரித்தது. சுப்பவைசருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, அவரும் சிரித்தார்.

முந்தாநாள் ஞாயிறு கிளியின் மகளுக்குக் கல்யாண எழுத்து. டோர்செட் பார்க்கில் அவர்கள் இருக்கிற கட்டடத்துப் பார்ட்டி ரூமில்.

வருகிற ஆட்களுக்குக் கொடுக்கிற ரோலைக் கடையில் எடுக்கக் கிளி விடவில்லை. நோயோடு நின்று கறி வைத்து, சுருட்டிக்கொண்டிருந்தவளை அன்று காலையில் அம்புலன்ஸ் கொண்டுபோனது. எழுத்தை நிறுத்தினால் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன் என்று மகளை வெருட்டிவிட்டுத்தான் போனாளாம்.

மகளிடம் எனக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பினாள். "அவளை இறங்கச் சொல்லு."

அவள் குசினிக்குள் போய் இறங்கினேன். மிச்சத்தைச் சுருட்டி, ரஸ்க் தூளில் பிரட்டி, பொரித்து... சொல்லாத ஆட்களும் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்கள். எல்லோருக்கும் காணுமா என்று தட்டை எண்ணிக்கொண்டே நின்றேன். போதுமாய் இருந்தது. மகள் சிரித்த முகத்தோடு கையெழுத்து வைத்தாள்.

பின்னேரம், மிஞ்சின ரோல்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளி ஒரு துண்டு கடித்தாள். "உப்புக் காணாது." கறி வைத்தது நீதானே என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மூன்றுதான் மிச்சம், அப்போ எனக்குச் சேவ்தானே என்று கேட்டேன்... அதற்குள் நித்திரையாகிவிட்டாள். நாளைக்குக் கேட்கலாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பேஸ்போல் மச் பார்க்க மகளும் மருமகனும் கிளிக்கும் சேர்த்து டிக்கட் எடுத்து வைத்திருந்தார்கள். அம்மாவின் சீட்டில் என்னை வந்து இருக்கச் சொல்கிறாள் மகள். போவேன். கிளி கத்துகிற மாதிரி எழும்பி நின்று கத்துவேன்.

போய் வா, கிளி. வெற்றி உன்னுடையது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஒன்றே ஒன்று... அன்று நான் உன் குசினிக்குள் இறங்கும்போது, நீ எத்தனை முன்னுக்கு நின்றாய்?