வாலில் நெளிகோடு போட்ட ஃபைல்கள்

திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவர் இருதயமேரி. பெற்றோர் மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளையும் கொல்லையில் கூலி வேலை செய்தவர்கள். ஒருமுறை அம்மாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கிடைக்காமல் இருதயமேரி ஊரெல்லாம் அலைந்தார். அதற்குப் பிறகுதான் ரத்தம் கொடுக்க முன்வருபவர்களின் பெயரையும் ரத்த வகையையும் போன் நம்பரையும் கடைக் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலில் சேர்க்கத் தொடங்கினார். எட்டு வருடத்தில் லிஸ்ட் நானூறு பேரைத் தாண்டிவிட்டது; ரத்தம் தேவைப்படுகிறவர்கள் அவரைத்தான் போனில் கூப்பிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை புதிதாக ஒருவரைச் சேர்த்து சேவ் செய்தபோது, கம்ப்யூட்டரில் இடமில்லை என்று வந்தது. வாடிக்கையாளர்களின் ஸ்கேன் படங்களே அதை அடைத்திருந்தன. மூடிவிட்டு மறுபடி திறந்தால், ஃபைலில் ஓர் எழுத்துகூட இல்லை.

திகைத்து உட்கார்ந்திருந்தபோதே போன் அடித்தது. காயத்ரி என்ற பெண்.

“முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலருந்து பேசறேங்க. அண்ணிக்குப் பிரசவம். ஓ நெகட்டிவ் ரத்தம் வேணுங்க.”

“பத்து நிமிஷத்துல கூப்புடறேம்மா” என்று வைத்த கையோடு, கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த விழுப்புரம் சித்தார்த்தனை அழைத்தார்.

“அண்ணே, லிஸ்ட்டு மொத்தமும் பூடுச்சிண்ணே!”

“பதறாத மேரி. அதே பேர்ல, கடைசியில நெளிகோடு போட்டு ஒரு ஃபைல் இருக்குதா பாரு.”

இருந்தது. அந்த மாதிரி நெளிகோட்டு ஃபைல்கள் நூற்றுக்கும் மேல்.

“வைரஸ்னு நெனச்சி அழிக்கலாம்னு பாத்துக்கினு இருந்தேண்ணே.”

“நல்லவேளை! நீ சேவ் பண்றப்போ, டைப் அடிக்கிற அந்த எடிட்டர் புரோகிராமே பழச தனியா எடுத்து வெச்சிக்கும். தெறந்து பாரு.”

திறந்தார். அத்தனை பேரும் இருந்தார்கள். காலையில் சேர்த்தவர் மட்டும் இல்லை; அவர் நம்பர் துண்டுச் சீட்டில் பத்திரமாக இருந்தது. இருதயமேரிக்குக் கண் கலங்கிவிட்டது.

லிஸ்ட்டில் தேடினார். கோலியனூர் சுகுமார், ஓ நெகட்டிவ். உடனே அவரை அழைத்தார். நடவு வேலையில் இருந்தவர், “ஜல்தி போறேன்க்கா” என்று அப்படியே வண்டியை எடுத்தார். சாயங்காலம் காயத்ரி அழைத்தாள். தாயும் பிள்ளையும் நலம்.

ஞாயிறன்று இருதயமேரி கடையைத் திறந்து, முதலில் லிஸ்ட்டை இரண்டு பென்டிரைவில் ஏற்றினார். தேவையில்லாத பழைய ஸ்கேன் படங்களை நீக்கினார். பிறகு நெளிகோட்டு ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து அசலோடு ஒத்துப் பார்த்தார். அசல் சரியாக இருந்தால், நகலை அழித்தார். பதினொன்றுக்கு அசலே இல்லை. அவற்றை அழிக்காமல் தனியாக எடுத்து வைத்தார்.

மதியம் வீட்டுக்குப் போய், ஃபேனுக்கு அடியில் படுத்து அசந்து தூங்கினார்.