ஒன்பது பிள்ளைகளும் ஒரு ஜெக்கும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலக் காலையில், புத்தளம் பக்கத்து மாம்புரிக்கு அப்பால் கடலை ஒட்டிப் போகும் தென்னந்தோட்ட மணற்பாதையில் நடந்தது இது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், அதற்குச் சில மாதங்கள் முந்தி நான் பட்ட வெட்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

நான் பாடசாலை வான் ஓட்டுகிறவள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளை ஏற்றிப் பாடசாலையில் விட்டு, மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பேன். ஒரு பெண் வான் ஓட்டுவதை ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது. பிறகு, "பொம்புளப் புள்ளைகள நம்பி அனுப்பலாம்" என்று உம்மாமார் சொல்லத் தொடங்கியதும் இருக்கைகள் நிரம்பிவிட்டன. ஓட்டுவதில் எனக்குப் பயமே இல்லை. சில்லு மாற்ற மட்டும் தெரியாது. டயர் போனால் கணவருக்கு போனில் கோல் எடுப்பேன். அவர் உப்பளத்தில் வேலை செய்கிறவர். மேலாளரிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து மாற்றித் தருவார்.

ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு மீனவர்கள் தங்கும் மீன்வாடிப் பக்கம் திரும்பும்போது பின்சில்லில் காற்றுப் போய்விட்டது. அன்று அவர் கோலுக்குப் பதில் சொல்லவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று வானோடு வந்த ஜெக்கை எடுத்தேன். கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரிகிற, கம்பி போட்டுச் சுற்றித் தூக்குகிற மெல்லிய ஜெக் அது. சுற்றினேன், சுற்றினேன். வான் மேலே வருவதற்குப் பதிலாக ஜெக் மணலுக்குள் இறங்கியது. கடைசியில் ஒரு பக்கமாக வளைந்து படுத்தே விட்டது. வாடியில் இருந்த ஏழெட்டு ஆண்கள் வந்து வானைக் கையாலேயே தூக்கிப் பிடிக்க, ஒருவர் சில்லை மாற்றினார். உதவிதான் செய்தார்கள், மறக்க மாட்டேன். ஆனால் போகும்போது ஒருவர் சிரித்துக்கொண்டு, "இனி ஊரையே வான்ல ஏத்திக்கிட்டுப் போங்க ராத்தா, டயர் போனா தூக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் யோசித்தேன். நம்முடைய பாதையில் பாதிக்கு மேல் மணல். அந்த ஜெக் தார் ரோட்டுக்குச் செய்தது. பிழை என் கையில் மட்டும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முற்றத்தில் வானை நிறுத்தி, நன்றாக இருந்த பின்டயரின் காற்றை முழுவதும் இறக்கினேன். கணவர் ஓடி வந்தார்.

"நல்ல டயர எதுக்குப் புள்ள எறக்குற?"

"காத்துப் போனாத்தானே ஜெக்கத் தேடுவம்? அந்நேரம் வான் எவ்வளவு பதியுதுன்னு பாக்க வேணாமா?"

மகளின் பாடசாலை அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு மணலில் குப்புறப் படுத்து, பின் அச்சுக்கும் நிலத்துக்கும் இடைவெளியை அளந்தேன். எட்டு அங்குலம். அவர் போய்க் காற்றடிக்கிற கால்பம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

புத்தளம் டவுனில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் காட்டியது, என் இடுப்பளவு உயரமான, பெரிய கைபிடி போட்ட ஒன்று.

"இத எடுங்க ராத்தா. காட்டுக்குப் போற ஜீப்காரர் எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க."

"அவங்கட ஜீப்புல இரும்பு பம்பர் இரிக்கும் நானா. அதுல கொளுவித் தூக்குவாங்க. என்ட வான்ல முன்னுக்கும் பின்னுக்கும் பிளாஸ்டிக். எங்க கொளுவுற?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கராஜ்களில் தள்ளிக்கொண்டு திரிகிற சில்லு வைத்த ஜெக்கைக் காட்டினார். சீமெந்துத் தரையில் அது ராஜா மாதிரி ஓடும். மணலில் அதன் சில்லும் புதையும். அதையும் வேண்டாம் என்றேன். மூன்றாவதாக, போத்தல் வடிவத்தில் எண்ணெய் அழுத்தத்தில் எழும்புகிற ஜெக் ஒன்று. கொண்டுபோன அடிமட்டத்தால் அளந்து பார்த்தேன், ஒன்பது அங்குலம். பதிந்துபோன வானுக்குக் கீழே அது நுழையவே நுழையாது. அடிமட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மேல்தட்டுக்கு ஏணி வைத்து ஏறி, தூசி தட்டி இன்னொன்றை இறக்கினார். குட்டையானது, ஆறரை அங்குலம். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டுகள் எழும்பி உயரும். நிரம்பிய வானின் பாரத்தைத் தாங்கப் போதுமான எடை அதில் பொறித்திருந்தது. கடைத் தரையில் வைத்து நானே பம்ப் அடித்துப் பார்த்தேன். என் கைக்கு அடங்கியது.

"நேரா நிமித்தி வைக்கணும், சரிச்சு வைக்கக் கூடாது" என்றார். "ஒண்டு சொல்றன் ராத்தா. இதுட அடி உள்ளங்கை அளவுதான். மணல்ல இதுவும் போகும்."

"ஓம், அதுக்கும் யோசிச்சு வச்சிரிக்கன்" என்றேன்.

கடற்கரையில் தோணி திருத்துகிறவரிடம் கேட்டு, தடித்த பலகையில் ஒன்றரை அடிச் சதுரத் துண்டு ஒன்று வெட்டி எடுத்தேன். பிறகு மூன்று வெள்ளிக்கிழமை முற்றத்து மணலில் சில்லைக் கழற்றிப் பூட்டிப் பழகினேன். முதல் தடவை ஒரு மணித்தியாலம் போனது. மூன்றாவது தடவை இருபது நிமிடம். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காலை வந்தது. பதினோராம் வகுப்பு முடிவில் நாடு முழுவதும் எழுதும் சாதாரண தரப் பரீட்சை, அன்று கணிதப் பாடம். வானில் ஒன்பது பெண்பிள்ளைகள். இரவு முழுக்கப் பெய்த மழையில் பிரதான வீதியின் பள்ளம் வெள்ளத்தில் மூடி, அதற்குள் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டது. தென்னந்தோட்டத்துக்குள்ளால் போகும் மணற்பாதையில் திருப்பினேன். பாதித் தூரம் போயிருப்போம். 'டப்' என்று ஒரு சத்தம். வான் பின்பக்கம் சரிந்தது. இறங்கிப் பார்த்தால், மணலுக்குள் புதைந்து கிடந்த பழைய முள்ளுக்கம்பி வேலி டயரின் பக்கத்தைக் கிழித்திருந்தது. நேரம் ஏழு முப்பத்தைந்து. பரீட்சை எட்டரைக்கு.

"சாச்சி, இன்னக்கி மெத்ஸ்!" என்று ஒரு பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள். கணவரை நினைத்தேன். வெள்ளத்தைத் தாண்டி அவர் வந்து சேர முடியாது. பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு பின்கதவைத் திறந்தேன்.

"எல்லாரும் எறங்குங்க. நாலு பேர் ஓடிப் போய் தேங்கா மட்டை பொறக்கிட்டு வாங்க."

கல்லே இல்லாத அந்த மணலில், வான் உருளாமல் இருக்க முன்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் மட்டைகளை இறுக்கினோம். வானைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை இளக்கினேன். நான்கு இளகின. ஐந்தாவது அசையவில்லை. வானைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரின் மேல் ஏறி நின்று முழுப் பாரத்தையும் போட்டேன். 'கிறீச்' என்று விட்டது.

பலகையை வைத்து, ஜெக்கை அச்சுக்குக் கீழே நிறுத்தி அடித்தேன். கொஞ்சம் எழும்பியதும் பலகை ஒரு பக்கமாகச் சரிந்தது. மேல் மணல் பொலபொலவென்று இருந்தது. நான் அதைச் சரியாக வழிக்கவில்லை. முற்றத்தில் பழகியபோது இப்படி நடக்கவில்லை. அவசரப்படாதே என்று எனக்கே சொல்லி, ஜெக்கை மெதுவாக இறக்கி வெளியே எடுத்தேன். இரண்டு பிள்ளைகள் சிரட்டையால் தோண்டினார்கள். ஈரமான, கறுத்த, இறுகிய மணல் தெரியும்வரை தோண்டி, தட்டிச் சமப்படுத்திப் பலகையைத் திரும்ப வைத்தேன். ஒருத்தி பக்கத்தில் நின்று கணிதச் சூத்திரங்களை ஓதுகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்நேரம் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார்.

"தள்ளுங்க ராத்தா, நான் செய்றன். வான்ட ஓரத்துல ஜெக்கக் குடுத்துத் தூக்குவம்."

"ஓரத்துத் தகரம் கறல் புடிச்சி உக்கிப் போயிரிக்கி நானா, நெளிஞ்சிரும். நீங்க வேற ஒரு உதவி செய்ங்க. பரீட்ச மண்டபத்துக்குப் போய், ஒம்பது புள்ளைகள் வாற வழியில இரிக்காங்கன்னு சொல்லுங்க."

அவர் அந்தக் குட்டி ஜெக்கைப் பார்த்தார். "இது தூக்குமா?"

ஜெக்கைத் திரும்பவும் அச்சுக்குக் கீழே நிறுத்தி அடித்தேன். முதல் தண்டு எழும்பி முடிந்து இரண்டாவது தண்டு எழும்பத் தொடங்கியது. வான் ஒரு முனகலோடு எழுந்தது. கிழிந்த டயருக்கும் மணலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. "தூக்குது! தூக்குது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை முடுக்கிப் பறந்தார்.

மேலதிக சில்லைப் பூட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வானை இறக்கி, திரும்பவும் இறுக்கியபோது நேரம் எட்டு ஐந்து. "ஏறுங்க!" என்றேன். நடுவில் நிறுத்தாமல், பிரேக்கை மிதிக்காமல், முதல் இரண்டு கியரிலேயே மணலைக் கடந்து தார் வீதியில் ஏறினேன். எட்டு இருபத்திரண்டுக்குப் பரீட்சை மண்டப வாசல். மீன்பெட்டிக்காரர் அங்கேயே நின்று, "வந்துட்டாங்க!" என்று உள்ளே பார்த்துக் கையாட்டினார். பிள்ளைகள் ஓடினார்கள். முதலில் அழுத பிள்ளை பாதியில் திரும்பி வந்து, "மொகமெல்லாம் கிறீஸ் சாச்சி" என்று தன் கைக்குட்டையை என் கையில் திணித்துவிட்டு மறுபடி ஓடினாள்.

வானுக்குள் உட்கார்ந்து கணவருக்கு கோல் எடுத்தேன்.

"டயர் போயிட்டு. மாத்திட்டன்."

"யாரு வந்து மாத்தின?"

"நான்தான் வந்தன்."

பிறகு அவர் தூரத்தில் யாரிடமோ உரத்துச் சொல்வது கேட்டது: "என்ட பொஞ்சாதி மணல்ல தனியாச் சில்லு மாத்தியிரிக்காடா!" உப்பளத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

பெறுபேறு வந்தபோது ஒன்பது பேரில் எட்டுப் பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். சூத்திரம் ஓதிய பிள்ளைதான் பாவம், அடுத்த தடவை எழுதி எடுத்தாள். இப்போது எங்கள் பக்கத்தில் முச்சக்கர வண்டி ஓட்டுகிற இரண்டு பெண்களும் கெப் எனப்படும் சிறு பார வண்டி ஓட்டுகிற ஓர் ஆணும் ஜெக் வாங்குவதற்கு முன் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கடைக்குப் போகாதீர்கள், முதலில் டயரின் காற்றை இறக்கிவிட்டு உங்கள் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள் என்பேன்.

மணற்பாதையில் இறங்கும்போது இன்றைக்கும் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் முன்பு யாரையாவது கூப்பிட வைத்த அதே பயம், இப்போது முந்தைய நாள் மாலையே என்னை வானுக்குக் கீழே குனிந்து பார்க்க வைக்கிறது.