கோடு வளைந்த வாரம்

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தபோது திரையில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள் இருந்தன. தூசி என்று நினைத்துச் சட்டை நுனியால் துடைத்தேன். போகவில்லை. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து வந்து அழுத்தித் துடைத்தேன். புள்ளிகள் கொஞ்சம் நகர்ந்து மறுபடி பழைய இடத்துக்கே வந்தன. வெளியே ஒட்டிய தூசியாக இருந்தால் துணிக்கு வந்திருக்கும். திரைக்கு உள்ளேதான் ஏதோ கசிகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

என் தொழில் வரைபடம் போடுவது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. பக்கத்தில் பாடி என்ற ஊரில் உள்ள தொழிற்சாலைகளுக்கு, பாகங்கள் வார்க்கும் அச்சுகளுக்கான வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்போம். இருபத்திரண்டு வருடமாகக் கோடும் வட்டமும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. வாரத்தில் மூன்று நாள் அயனம்பாக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பேன். லேப்டாப் கம்பெனியுடையது.

அதனால்தான் புள்ளிகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, ஆறு மாதத்தில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் நான் போட்ட ஒரு வரைபடம் பாடியிலிருந்து திரும்பி வந்திருந்தது. ஒரு துளையின் இடம் தவறு. முதலாளி திட்டவில்லை. "என்ன சார், உங்க கையில இப்படி வராதே" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். இந்த நேரத்தில் போய் லேப்டாப்பும் கெட்டுப்போச்சு என்று நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை.

செவ்வாய்க்கிழமை திரையின் வலது ஓரத்தில் மின்னல் மாதிரி ஒன்று வெட்டியது. சற்று நேரம் கழித்து இன்னொன்று. இன்டர்நெட்டில் தேடினேன். மூடியை மடக்குகிற இடத்தில் திரைக்குப் போகும் வயர் தளர்ந்தால் அப்படி வெட்டும் என்று ஒரு வீடியோவில் ஒருவர் விளக்கினார். மூடியை மெல்லத் திறந்தும் மூடியும் பார்த்தேன். குனிந்து பார்க்கும்போதெல்லாம் வெட்டியது. வயர்தான் என்று நம்பினேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தேன். டிஸ்ப்ளே டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாக ஏற்றினேன். நாலு தடவை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் திரை எழும்பி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை வலது கீழ் மூலையில் ஒரு சாம்பல் நிழல் வந்து உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் அது மேலே ஏறியது. ஒரு கேபிளைப் போட்டு லேப்டாப்பை டிவியில் இணைத்துப் பார்த்தேன். டிவியிலும் அதே மூலையில் அதே நிழல். வேறு திரையிலும் தெரிந்தால் கோளாறு திரையில் இல்லை, உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்பில் என்று அந்த வீடியோக்காரர் சொல்லியிருந்தார். சிப் போனால் அது பதிந்திருக்கும் மெயின் போர்டே போன மாதிரி.

அன்று சாயங்காலம் என் மனைவி வேலையிலிருந்து வந்தபோது, டம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்துக் கீழே போட்டேன். டீ அவள் காலில் தெறித்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டாள். லேப்டாப் கவலை என்றேன். அவளும் நம்பினாள்.

வியாழக்கிழமை காலை கோடுகள் வளைந்தன.

திரையில் ஒரு நேர்க்கோடு போட்டேன். நடுவில் கயிறு தொய்ந்த மாதிரி உள்வாங்கியது. இன்னொன்று போட்டேன். அதுவும் அப்படியே. செல்போனில் படம் எடுத்துப் பார்த்தேன், படத்திலும் வளைந்திருந்தது. கேமரா பொய் சொல்லாது என்று அதை என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார்.

"நேராத்தானண்ணே கீது. இன்னா ஆச்சு உனக்கு?"

அவர் கிண்டல் செய்கிறாரா, அல்லது இதை முதலாளியிடம் சொல்வாரா என்றுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன்.

பூந்தமல்லியில் ஒரு பெண் லேப்டாப் பழுது பார்க்கிறார், போர்டு வேலையே செய்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பையை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். வேலப்பன்சாவடியில் காலேஜ் பஸ்கள் திரும்பும் இடத்தில் வலதுபக்கம் பார்த்துவிட்டுத்தான் ஒதுங்கினேன். அங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து என் கைப்பிடிக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனது. வண்டி ஆடியது, விழவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன். ஆட்டோக்காரர் கண்ணு தெரியலையா என்று கத்திவிட்டுப் போனார். எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சொல்வதுதானே என்று அதையும் விட்டுவிட்டேன். மீதித் தூரம் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை.

கடை மசூதித் தெருவுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முக்காடு, அதன்மேல் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடிப் பட்டை. நான் நான்கு நாள் கதையையும் வரிசையாகச் சொன்னேன். கம்பெனிக்குத் தெரியாமல் சரி செய்ய முடியுமா என்றும் கேட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். திரை முழுக்க வெள்ளை, பிறகு சிவப்பு, பிறகு பச்சை என்று ஒவ்வொரு நிறமாக வரவழைத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல சார். நீங்க இன்னா பாக்கறீங்கன்னு விரல வெச்சுக் காட்டுங்க."

புள்ளிகளைத் தொடப் போனேன், அவை நழுவின. நிழலைக் காட்டினேன். என் கை அந்த மூலைக்குப் போனதும் விரல்கள் நிழலுக்குள் மறைந்தன. திரைக்கு முன்னால் இருக்கும் கை எப்படி மறையும் என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் அவர் மேசையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துத் திரையின் நடுவில் வைத்துவிட்டார்.

"ஸ்கேல் எப்படி கீது?"

ஸ்கேலும் வளைந்திருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். லேப்டாப்பை மூடிவிட்டு, வலது கண்ணைக் கையால் பொத்தச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே என் இடது கண் மந்தம். பெரிய எழுத்துகூட அதற்குக் கலங்கலாகத்தான் தெரியும். இத்தனை வருடமும் ஒற்றைக் கண்ணால்தான் பிழைப்பு. வலது கண்ணைப் பொத்தினேன். எல்லாம் மங்கியது. ஆனால் அந்த மங்கலில் புள்ளி இல்லை, நிழல் இல்லை, மூலை மூலையாகவே இருந்தது. கையை எடுத்தேன். நிழல் அவருடைய தோளின்மேல் படிந்திருந்தது. அவர் பின்னால் இருந்த சுவரிலும் படிந்திருந்தது.

அதுவரை நான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் சும்மா. உட்கார்ந்திருந்த ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதுவரை சார் என்றவர் அண்ணே என்று கூப்பிட்டார்.

"அண்ணே, போன வருஷம் ஒரு டியூஷன் மாஸ்டர் இதே மாதிரி புள்ளி புள்ளியா கீதுன்னு வந்தாரு. நான் ஸ்கிரீன மாத்திக் குடுத்தேன். மறுநாள் வந்து இன்னும் கீதுன்னாரு. நான் சண்ட போட்டு அனுப்பிட்டேன். அவருக்கு ஒரு கண்ணு போயிடுச்சு. இப்ப யார் வந்தாலும் மொதல்ல கண்ணத்தான் பொத்திப் பாக்கச் சொல்றேன்."

பிறகு அவர் எதற்கும் என்னைக் கேட்கவில்லை. பைக் சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். என் போனில் என் மனைவியைக் கூப்பிட்டு, உடனே கண் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். பயப்படாதீங்க என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னார், என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆட்டோ வரவழைத்து, மாடிப்படியில் என் முழங்கையைப் பிடித்து இறக்கினார். லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு நகரத்துக்குள் போனேன். வழி முழுக்க அந்த நிழலின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் அது ஒரு நூல் மேலே ஏறியதாகத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் கண் பாவையை விரித்தார்கள். டாக்டர் பெண். நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு என் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். விழித்திரை மேல்பக்கம் கிழிந்து, சுவரிலிருந்து பெயரும் காகிதம் மாதிரி உரிந்து வருகிறது என்றார். பார்வைக்கு ஆதாரமான நடுப்பகுதியின் விளிம்புக்கே வந்துவிட்டது. மேலே உரிவதால் நிழல் கீழே தெரிந்தது, நடுவை நெருங்கியதால் கோடுகள் வளைந்தன. என்னை மாதிரிக் கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்றும் சொன்னார்.

"எத்தன நாளா இருக்கு?"

நாலு நாள் என்றேன்.

"நாலு நாளா என்ன பண்ணீங்க?"

லேப்டாப்பை ரிப்பேர் பண்ணினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என் மனைவி அப்போதுதான் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். முகத்தின் கீழ்ப்பாதி இல்லை. முந்தைய நாள் அவள் காலில் கொட்டிய டீ ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதே நேரத்தில் அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் தோளில் கையை வைத்தாள்.

மறுநாள் காலை அறுவை சிகிச்சை. கண்ணைச் சுற்றி மட்டும்தான் மரத்துப்போக ஊசி போட்டார்கள். டாக்டர் நர்சிடம் பேசுவதெல்லாம் கேட்டது. வலி இல்லை. ஆனால் கண்ணுக்குள்ளே ஒரு மெல்லிய குச்சி அசைவதை, அந்தக் கண்ணாலேயே பார்த்தேன். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கத்தவும் முடியவில்லை. போர்வைக்கு அடியில் கட்டை விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். எழுநூறு வரை போனது நினைவிருக்கிறது.

கடைசியில் கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்தார்கள். அது மேலே மிதந்து விழித்திரையை அழுத்தி ஒட்டவைக்கும். அதற்காக ஒரு வாரம் குப்புறப் படுத்தோ, தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தோ இருக்க வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க நான் பார்த்தது எங்கள் வீட்டுத் தரையை மட்டும், அதுவும் மந்தமான இடது கண்ணால். சமையலறையில் பாத்திரம் விழுந்தால் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கிவிடுவேனோ என்று அதற்கும் பயந்தேன். மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். வலது கண்ணும் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு நாள் கேட்டேன்.

"இப்ப இருக்கிற மாதிரியே நான் இருப்பேன். நீங்க தலையத் தூக்காதீங்க" என்றாள்.

முதலாளியிடம் அவள்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் வீட்டுக்கு வந்தார். நான் கவிழ்ந்திருந்ததால் அவருடைய செருப்பில்லாத கால்கள் மட்டும் தெரிந்தன. அவள் கொடுத்தனுப்பிய லேப்டாப்பைச் சோதித்துப் பார்த்துவிட்டதாகவும் அதில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார். என் வேலையை யார் பார்க்கிறார் என்று கேட்டேன். அந்தக் கால்கள் வாசல் பக்கம் திரும்பின. நீங்க வாங்க, பார்த்துக்கலாம் என்றார். அந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அன்று முழுக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் பார்வை மேலிருந்து கீழாக இறங்கி வந்தது. வாயுவின் விளிம்பு பாட்டிலில் தண்ணீர் மாதிரி ஆடும். அதற்கு மேலே உலகம், கீழே கலங்கல். முதலில் மின்விசிறியின் இறக்கைகள் தெரிந்தன. பிறகு கதவின் மேல் சட்டம். ஒருநாள் காலை என் மனைவியின் நெற்றி வந்தது, நாலைந்து நாளில் முழு முகமும் வந்தது. கண்களுக்குக் கீழே கறுத்திருந்தாள்.

இரண்டாவது மாதம் வேலைக்குப் போனேன். முதலாளி என்னை வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு சின்ன வளைவு மட்டும் இன்னும் போகவில்லை, போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை மறைக்காமல் முதலாளியிடம் சொன்னேன். கோட்டைக் கண்ணால் நம்ப வேண்டாம், அளவு எண்களைப் போட்டு வரையுங்கள், இன்னொருவர் சரிபார்க்கட்டும் என்றார். அப்படித்தான் நடக்கிறது.

பைக்கை எடுக்கப் பூந்தமல்லிக்கு என் மனைவியோடு போனேன். கடைக்காரப் பெண் ஒரு போர்டில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்ல ஆரம்பித்ததும் அதைக் காதில் வாங்காமல் போர்டை என்னிடம் நீட்டி, ஒரு சிப்பின்மேல் இருந்த பொடி எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தானும் பூதக்கண்ணாடியில் சரிபார்த்துவிட்டு, "சரியாத்தான் கீது" என்று சொல்லிச் சாவியை என் மனைவியிடம் கொடுத்தார். வண்டியை அவள்தான் ஓட்டி வந்தாள்.

பயம் போகவில்லை. எங்கே எது கறுப்பாகக் கடந்தாலும் கை தானாக ஒரு கண்ணைப் பொத்துகிறது. போன வாரம் பஸ்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி குறுக்கே போக, அப்படிப் பொத்தியும் விட்டும் மறுபடி பொத்தியும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மாள், தனக்கு ஏதோ சைகை காட்டுகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அந்தப் புள்ளி ஜன்னல் கம்பியில் போய் உட்கார்ந்தது. ஒரு ஈ.